கேட்டால் சொல்கிறேன்: தாரமங்கலத்துக்கு மாலையில் போங்கள்

(பதில் சொல்பவர், சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்)

கேள்வி: அம்மாவுக்கு வயது 74, முழங்கால் வலி. பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறார். சுகவனேசுவரர், கோட்டை மாரியம்மன், உத்தமசோழபுரம் கரபுரநாதர், கஞ்சமலை சித்தேசுவரர், தாரமங்கலம் கைலாசநாதர் ஆகிய ஐந்து கோயில்களையும் ஒரே நாளில் அம்மாவுக்குக் காட்டிவிட நினைக்கிறோம். எந்த வரிசையில் போகலாம்?
வாசகி, சூரமங்கலம்

பதில்: நான்கை அடித்துவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு நடப்பதைவிடக் காரில் ஏறி இறங்குவதுதான் கொடுமை. எனக்கும் வலது கால் அப்படித்தான், பட்டுத்தான் சொல்கிறேன். சுகவனேசுவரரும் மாரியம்மனும் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். அண்ணன் இல்லாமலே ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோவில் போய் வந்துவிடலாம். கரபுரநாதர், உயரம் எட்டாத ஒரு சிறுவன் மாலை சாத்துவதற்காகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தவர் என்பார்கள். உங்கள் அம்மாவுக்காக இன்னும் ஒரு மாதம் காத்திருக்க மாட்டாரா? சித்தருக்கும் அவசரம் இல்லை. காரும் பிள்ளையும் ஒன்றாகக் கிடைக்கிற நாளைத் தாரமங்கலத்துக்குக் கொடுங்கள். சேலத்துக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான்.

மாலையில் போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பிராகாரக் கல்லும் அடுப்பாகக் காயும். ஒரு சித்திரை மாதம் என் மாமியாரைப் பதினொன்றரை மணிக்கு அங்கே அழைத்துப் போய், ஈரத்துண்டை முன்னால் விரித்து விரித்து நடத்திக்கொண்டு வந்தேன். வீடு திரும்பும்வரை அவர் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

மாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது மேற்குப் பார்த்த கோயில். ஐந்து நிலை ராஜகோபுர வாசலுக்கு எதிரே சூரியன் இறங்கும்போது, தூண்களின் ஒரு பக்கம் மட்டும் பொன் பூசியது போல் ஆகிவிடும், செதுக்கிய ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். ஆண்டுதோறும் மாசி 9, 10, 11 தேதிகளில் மாலை வெயில் உள்ளே லிங்கத்தின் மேலேயே விழுகிறது. அந்த மூன்று நாள் மட்டும் அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். கூட்டத்தில் கால் மிதிபடும்.

கட்டியவர்கள் கெட்டி முதலிகள். மதுரை நாயக்கர் காலத்துப் பாளையக்காரர்கள், பக்கத்து அமரகுந்தியில் இருந்து ஆண்டவர்கள். மும்முடி கெட்டி முதலி தொடங்கியதைச் சீயாழி கெட்டி முதலி தொடர்ந்து, வணங்காமுடி கெட்டி முதலி முடித்தார் என்பது வரலாறு. எங்கள் வீட்டு மாடிப்படிக்கே இன்னும் கைப்பிடி வைத்து முடியவில்லை.

மண்டபத்தில் அம்மாவை உட்கார வைக்க ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துப் போங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கவே நிறைய இருக்கிறது. வளையத்துக்குள் வளையமாகத் தொங்கும் கல் சங்கிலி இருக்கிறது. வாய்க்குள் கல் உருண்டையை வைத்திருக்கும் யாளியும் இருக்கிறது. வெளியே எடுக்க முடியாது, உள்ளே உருளும். பத்து வயதில் நான் விரலை விட்டு உருட்டிப் பார்த்திருக்கிறேன். கல் எண்ணெய் தடவியது போல் வழவழவென்று இருந்தது, பல்லில் இடித்தபோது ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அப்பா தலையில் குட்டினார். நீங்கள் விரல் விடாதீர்கள், எல்லோரும் விட்டால் யாளிக்குப் பல் மிஞ்சாது.

வாலி, சுக்ரீவன் சண்டையை மட்டும் அம்மா எழுந்து நடந்து பார்க்கட்டும். ஒரு தூணில் சண்டை நடக்கிறது, இன்னொரு தூணில் இராமன் வில்லோடு நிற்கிறான். இராமன் பக்கம் நின்றால் வாலி தெரிகிறான், வாலி பக்கம் நின்றால் இராமன் தெரிவதில்லை. ஊரே வியக்கிற இந்தச் செய்தியை நான் பல ஆண்டுகள் நம்பவில்லை. நேர்கோடு என்றால் இந்த முனையிலிருந்தும் அந்த முனையிலிருந்தும் ஒன்றுதானே, எனக்கு அவன் தெரிந்தால் அவனுக்கு நான் தெரிய வேண்டாமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது இரண்டு இடத்திலும் ஆளுக்கொருவராக நிறுத்திச் சோதித்தோம். ஊரார் சொன்னதுதான் சரி. பின்வரிசைப் பெண் ஒருத்தி, கணக்கில் நாற்பதைத் தாண்டாதவள், தூணைச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னாள்: “டீச்சர், இராமன் இருக்கும் இடம் வேறு, நம் கண் இருக்கும் இடம் வேறு. நாம் தூணின் ஓரத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கிறோம், அவன் ஓரத்துக்கு உள்ளே இருக்கிறான்.” அவ்வளவுதான் கணக்கு. மறைந்து நின்று அம்பு விட்ட கதையைச் சிற்பி தூணைக் கொண்டே மறைத்துச் சொல்லிவிட்டான். அந்தத் தேர்வில் அவளுக்கு நான் ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் போட்டது தலைமையாசிரியைக்குத் தெரியாது.

கேள்வி: தாரமங்கலம் எதற்குப் பரிகாரத் தலம்? எத்தனை வாரம் போக வேண்டும்?
வாசகர், இளம்பிள்ளை

பதில்: வாரக் கணக்கு எனக்குத் தெரியாது ஐயா. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம், சும்மா ஒருமுறை போய்வாருங்கள்.

கேள்வி: ஏற்காடு சேர்வராயன் கோயில் குகை காவிரி வரை போகிறதாமே, உண்மையா அம்மா? நண்பர்களோடு போகப் போகிறோம்.
கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: காவிரியம்மன் சேர்வராயனோடு அந்தக் குகைக்குள் இருக்கிறாள் கண்ணு, அதனால் வந்த பேச்சு அது. குகைக்குள் புகுந்து அளந்து பார்க்கக் கிளம்பிவிடாதே. 5,326 அடி உயர மலை உச்சி அது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய், அங்கிருந்து இன்னும் மேலே போக வேண்டும். மே மாதம் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் அத்தனையும் அங்கே கூடிவிடும். மற்ற நாளில் காற்றுதான் பேசும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், பாறையில் நீர் கசியும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதே.