குறைகள் தெரிந்தும் ஒவ்வொரு நத்தாருக்கும் நீங்கள் மீண்டும் பார்க்கும் படம் எது?

எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பதில்தான்: 1999இல் வந்த 'எண்ட் ஆஃப் டேஸ்'. ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னேகர் சாத்தானோடு மோதும் படம். நல்ல படம் என்று யாரிடமும் வாதாட மாட்டேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் புதிதாக ஓர் ஓட்டை கண்ணில் படுகிறது.

கதை தெரியாதவர்களுக்காக: 1999ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் நியூயோர்க்கில் ஒரு வங்கிக்காரரின் உடலுக்குள் சாத்தான் புகுந்துகொள்கிறான். டிசம்பர் 31 இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் கிறிஸ்டீன் என்ற பெண்ணிடம் ஒரு பிள்ளையை உண்டாக்கிவிட்டால் உலகம் அவன் கையில். அவளைக் காக்க நிற்பவர் ஜெரிக்கோ கேன். மனைவியையும் மகளையும் கொலைகாரர்களிடம் பறிகொடுத்த முன்னாள் பொலிஸ்காரர். இயக்கம் பீட்டர் ஹயம்ஸ். ஒளிப்பதிவும் அவரேதான். பாதிப் படம் ஒரே இருட்டு. எங்கள் பழைய தொலைக்காட்சியில் ஆர்னோல்டின் முகத்தைவிட எங்கள் முகங்களே அதிகம் தெரிந்தன.

இதை நாங்கள் திரையரங்கில் பார்க்கவில்லை. 1999 டிசம்பர் 18 அன்று கொழும்பு நகர மண்டபத்தருகே தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க வலது கண்ணின் பார்வையை இழந்தார். அதன் பிறகு பல மாதங்களுக்குப் படம் பார்க்கப் போகலாமா என்று வாயெடுத்தாலே அப்பா முறைப்பார். ஆகவே அடுத்த ஆண்டு நத்தாருக்குத்தான், கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டு முன்னறையில், வாடகைக்கு எடுத்த வீசீடியில் பார்த்தோம். இரண்டு தட்டுகள். இரண்டாவதில் பிறைபோல ஒரு கீறல். ஆர்னோல்ட் துப்பாக்கியோடு தேவாலயத்துக்குள் நுழைகிறார். படம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. அம்மம்மா சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். பெரியம்மாவின் மகன், எங்கள் எல்லோருக்கும் பெரியண்ணா, பற்பசை பூசித் தேய்த்தார். அதற்கும் தட்டு மசியவில்லை.

உடனே பெரியண்ணா, தான் இதை நண்பன் வீட்டில் முழுதாகப் பார்த்திருப்பதாகச் சொல்லி முடிவை நடித்தே காட்டினார். ஆர்னோல்ட் கோபுரத்தைச் சுடுகிறார். மணி கழன்று சாத்தான்மீது கவிழ்கிறது. ஆர்னோல்ட் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, பன்னிரண்டு அடிக்கும்வரை இறங்கவே இல்லை. நாங்கள் கைதட்டினோம். புனித லூசியாள் பேராலயத்தின் மணியையே நான் மனத்தில் கண்டேன்.

ஓட்டைகளுக்கு வருகிறேன். படத்தில் வரும் பாதிரியார், சாத்தானோடு சேர்த்துப் பேசப்படும் 666 என்ற எண்ணைத் தலைகீழாக்கி 999 என்கிறார், முன்னால் ஒன்றைச் சேர்த்து 1999 என்கிறார். அந்த எண் வரும் விவிலிய நூலான திருவெளிப்பாடு எழுதப்பட்டது கிரேக்க மொழியில். இன்று நாம் எழுதும் 6, 9 என்ற வடிவங்களே அன்று கிடையாது. தமிழ் எண்ணில் ௬௬௬ என்று எழுதித் திருப்பிப் பாருங்கள், ஒரு மண்ணும் வராது. அடுத்தது அந்த ஒரு மணிநேரம். எந்த ஊர் நேரப்படி என்று ஜெரிக்கோவே நக்கலாகக் கேட்கிறார். 1999இல் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணிநேரம் முன்னால் இருந்தது. 2006இல்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். ஆகவே சாத்தானின் கெடு கொழும்பில் 2000 ஜனவரி முதலாம் திகதி காலை பத்திலிருந்து பதினொரு மணிவரை. உலகம் கைமாற இருந்த அந்த வேளையில், பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி கொடுத்தனுப்பிய பாற்சோற்றைக் கட்டச் சம்பலோடு தின்றுகொண்டிருந்திருப்பேன்.

ஆனாலும் ஏன் பார்க்கிறேன்? ஆர்னோல்ட் இதில் களைத்துப்போன மனிதர். 1997இல் இதய வால்வு அறுவைச் சிகிச்சை முடித்து, சில காலம் ஒதுங்கியிருந்து வந்து நடித்த படம். தொடக்கத்தில் அவர் காலை ஆகாரம் தயாரிக்கும் காட்சி ஒன்று போதும்: காப்பி, வயிற்று மருந்து, பியர், தரையில் கிடந்த பீட்சாத் துண்டு, எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்துக் குடிக்கிறார். அம்மம்மா இந்தப் படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரே இடம் அதுதான். பசாசு வரும் காட்சிகளையெல்லாம் முறுக்கு கடித்தபடி பார்த்தார்.

பசாசாக நடித்தவர் கேப்ரியல் பர்ன். கபிரியேல் சம்மனசின், அதாவது தேவதூதரின், பெயரை வைத்துக்கொண்டு, இளமையில் குருமடத்திலும் படித்துவிட்டு வந்து, சாத்தானாக என்ன அனுபவித்து நடிக்கிறார்! அவர் சத்தம் போடுவதே குறைவு. ஜெரிக்கோவின் வீட்டுக்கே வந்து, இறந்த மனைவியையும் மகளையும் நத்தார் மரத்தடியில் காட்டி, பேரம் பேசுகிறார். அந்தப் பத்து நிமிடம் உண்மையிலேயே நல்ல சினிமா. பிறகு மறுபடியும் ரயில் வெடிக்கிறது, கண்ணாடி நொறுங்குகிறது. 10 கோடி டொலர் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே.

உண்மையான முடிவைச் சில வருடங்கள் கழித்துத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். மணியும் இல்லை, கோபுரமும் இல்லை. அதுவரை கண்டதையெல்லாம் சுட்டுத் தள்ளியவர் பீடத்தின்முன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வலிமை கேட்டுச் செபிக்கிறார். சாத்தான் அவர் உடலுக்குள்ளேயே நுழைகிறான். நியூயோர்க் பன்னிரண்டை எண்ணிக்கொண்டிருக்க, விழுந்து கிடக்கும் மிக்கேல் சம்மனசின் சிலை நீட்டிய வாள்மீது தானே போய்ப் பாய்கிறார். ஆர்னோல்ட் படத்தில் இப்படியா என்று எனக்கு வாயடைத்துப் போயிற்று. பெரியண்ணா அன்றைக்கு முழுப் பொய் சொல்லியிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

2019 நத்தாருக்கு மட்டும் இதைப் போடவில்லை. அந்த ஏப்ரலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, திரையில் ஒரு தேவாலயம் இடிவதைப் பார்க்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு தம்பி எதுவும் கேட்காமல் போட்டான். தேவாலயக் காட்சி வந்ததும் அம்மா எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். இப்போதும் அந்த இடத்தில் தேநீர்தான்.

பெரியண்ணா இப்போது டொராண்டோவில் இருக்கிறார். நியூயோர்க்கின் அதே நேரம். ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் எங்களுக்குக் காலை ஒன்பதரைக்கு மேல், அவருக்கு முதல்நாள் இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலான அதே மணிநேரத்தில், வாழ்த்துச் சொல்ல அழைப்பார். பொய்யை எடுத்துச் சொன்னால் கொஞ்சமும் கூச்சமில்லை. வாளில் விழுந்தால் ஆள் முடிந்தான், மணியைக் கவிழ்த்திருந்தால் இரண்டாம் பாகம் எடுத்திருக்கலாமே என்கிறார்.