பெட்டியை இஸ்தோப்பில் வைத்தது யார்?

கேள்வி: நான் கொழும்பு புறக்கோட்டையில் இரும்புக் கடையொன்றில் வேலை செய்கிறேன். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த என் அண்ணனுக்கு, இந்திய அரசின் உதவியில் நடக்கும் வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தது. அம்மாவும் அண்ணனோடுதான் இருக்கிறார். அம்மாவுக்குக் கிடைத்த ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் குசினிக்கு டைல் பதித்திருக்கிறார்கள். வீடு மாற உதவி கேட்டதால் இரவு பஸ்ஸில் போனேன். லொறி மேலே ஏறவில்லை. காலை 6 மணியிலிருந்து பொழுது இறங்கும்வரை மழையில் அலுமாரி, கட்டில், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் என்று படிக்கட்டில் சுமந்தேன். அண்ணன் பாதி நேரம் நின்று வழி சொன்னார். அம்மாவின் தகரப் பெட்டியைக் கடைசியாகக் கொண்டுவந்தபோது, எங்கே வைப்பது என்று யாரும் சொல்லாததால் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன். அண்ணி ஒரு தேத்தண்ணி கொடுத்ததோடு சரி, யாரும் நன்றிகூடச் சொல்லவில்லை. இனி அண்ணன் வீட்டுக் காரியங்களிலிருந்து ஒதுங்கிக்கொள்வதுதானே சரி?

பதில்: தம்பி, உங்கள் முதுகு வலிக்கு என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை. தோட்டத்தில் வீடு மாறியவர்கள் எல்லோருக்கும் அந்த வலி தெரியும். லொறி வந்து நிற்கிற இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே எப்போதும் பாதி மலை இருக்கும். அண்ணன் தம்பிக்குள் நன்றி சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் என்றைக்கு இருந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. சாமான்கள் எல்லாம் சாக்குக்குள் கிடந்த வீட்டில், கேத்தலையும் சீனிப் போத்தலையும் தேடியெடுத்து உங்கள் அண்ணி ஊற்றித் தந்த தேத்தண்ணியை "ஒரு தேத்தண்ணி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் போகட்டும்.

நான் திரும்பத் திரும்ப வாசித்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேறொரு வரியை. "எங்கே வைப்பது என்று யாரும் சொல்லாததால் இஸ்தோப்பில் வைத்துவிட்டு" என்கிறீர்கள். அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடம் தெரிந்திருந்தது, காஸ் சிலிண்டர் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. வளர்ந்த மனிதர்கள் மூவர் நின்ற வீட்டில் அம்மாவின் பெட்டிக்கு மட்டும் இடம் தெரியவில்லை என்றால், புது வீட்டில் அம்மா எங்கே படுப்பார் என்பதை உங்களில் ஒருவரும் அதுவரை யோசிக்கவே இல்லை என்றுதானே பொருள்?

லயத்தில் அந்தக் கேள்வி எழுந்ததில்லை. 10க்கு 12 அடிக் காம்பராவில் மகன் கல்யாணம் கட்டியதும் தாயும் தகப்பனும் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்துவிடுவார்கள். நானும் லயத்தில் பிறந்தவள்தான். என் அப்பாயி கடைசிக் காலம்வரை இஸ்தோப்பில், சாரலுக்குப் படங்கைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தார். அதற்காக என் தகப்பனை நான் குறை சொன்னதில்லை, ஏனென்றால் வெள்ளைக்காரன் எழுப்பிய சுவரை அவரால் தள்ளி வைக்க முடியாது. உங்கள் அண்ணனுக்குக் கிடைத்திருப்பதோ 550 சதுர அடியில் இரண்டு அறைகள் உள்ள வீடு. படிக்கட்டில் நீங்கள் சுமந்த சாமான்களோடு லயத்துப் பழக்கத்தையும் சேர்த்துச் சுமந்து போய் அந்த வீட்டு வாசலில் இறக்கி வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று என்றாவது பார்த்தீர்களா? நான் பார்க்காமலேயே சொல்வேன்: இரண்டு நல்ல சேலை, உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். கடிதங்கள், அவருடைய தாய் தகப்பனின் பிரஜாவுரிமைத் தாள்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கிய பிறகு, 2003இல் இன்னொரு சட்டம் வந்து அந்தக் கணக்கைப் பெரும்பாலும் முடிக்கும்வரை, ஒரு துண்டுத் தாள் இல்லாததால் அலைந்து திரிந்த குடும்பங்கள் மலையகத்தில் எத்தனையோ. அதனால்தான் நம் கிழவிகள் தாலியைக்கூடக் கழற்றி அடகு வைப்பார்கள், தகரப் பெட்டியின் சாவியை மட்டும் இடுப்பைவிட்டு எடுக்க மாட்டார்கள். அந்தப் பெட்டியைத்தான் பொகவந்தலாவை மழையில் திறந்த இஸ்தோப்பில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினீர்கள்.

இன்னொன்று. மாதாமாதம் அம்மாவின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டி, தோட்டம் தன் பங்குக்கு 12 போட்டுச் சேர்ந்த காசு அந்தக் குசினியின் தரையாகக் கிடக்கிறது. அந்தத் தரையில் அரிசி மூட்டையை இறக்கி வைக்க உங்களுக்கு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை.

பெட்டியை வைத்த கை அண்ணனுடையது அல்ல, உங்களுடையது. ஆகவே அண்ணனிடம் கோபித்துக்கொண்டு ஒதுங்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்பது என் முடிவு. தாயைப் பார்ப்பது மூத்தவன் கடமை, இளையவன் கொழும்பிலிருந்து காசு அனுப்பினால் போதும் என்ற கணக்கை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஒதுங்கிப்போன இளைய மகன்கள் எழுதிய கடிதங்கள் என் மேசையில் நிறையக் கிடக்கின்றன, அவற்றில் பல செத்தவீட்டுக்குப் பிறகு எழுதப்பட்டவை.

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்குப் போங்கள். போனில் இதைப் பேச வேண்டாம். அண்ணி முன்னால் வைத்து அண்ணனைக் கேட்கவும் வேண்டாம். அவரை வெளியே கூட்டிப்போய், இரண்டாவது அறையில் அம்மாவும் பேரப்பிள்ளைகளும் படுக்கட்டும் என்று நேராகச் சொல்லுங்கள். அம்மாவைக் கேட்டால் "எனக்கு இஸ்தோப்பே போதும், காத்து நல்லா வரும்" என்பார். அதை நம்பிவிடாதீர்கள். பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடித்து மறுபக்கத்தை அண்ணனைப் பிடிக்கச் சொல்லி உள்ளே தூக்குங்கள், அதை எந்தச் சுவரோரம் வைப்பது என்று அம்மாவிடம் கேளுங்கள்.