வாசலில் தேங்கும் மழைநீர்: சிமென்ட் போடுவதா, மழைத்தோட்டம் போடுவதா?

கேள்வி: சென்னை கே.கே. நகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்பக்கம் 20 அடிக்கு 8 அடி மண் தரை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார்கள். மழைத்தோட்டம் அமைத்தால் தண்ணீர் வடியுமா? கொசு வராதா?

பதில்: தயவுசெய்து சிமென்ட் போடாதீர்கள். தேங்குகிற தண்ணீர் தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடம் மாறுமே தவிர, குறையாது. மழைத்தோட்டம் அமைக்கலாம்; மொட்டைமாடியிலும் வாசலிலும் விழும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும், செடிகள் நட்ட பள்ளம்தான் அது. ஆனால் உங்கள் பகுதி களிமண் பூமி. முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். முழுவதும் வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஸ்கேலை நட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். இரண்டாம் முறை கிடைக்கும் அளவுதான் உண்மை. காய்ந்த களிமண்ணில் வெடிப்புகள் இருப்பதால் முதல் தண்ணீர் மளமளவென்று இறங்கி நம்மை ஏமாற்றிவிடும். மணிக்கு அரை அங்குலமாவது இறங்கினால் போதும். அதற்கும் குறைவென்றால், தோட்டத்தின் நடுவே 3 அடி விட்டத்தில் உறைகிணறு இறக்க வேண்டும். களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை போக வேண்டும்.

இடம் கட்டடச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். இரண்டரை அடி தோண்டுங்கள். ஒரு சாண் போனதுமே செங்கல் துண்டும் இறுகிப்போன சிமென்ட் கலவையும் வரும்; கட்டுமானத்தின்போது மேஸ்திரிகள் புதைத்துவிட்டுப் போனவை. பல வாசல்களில் தண்ணீர் இறங்காததற்கு இதுவே காரணம். ஒரு துண்டு விடாமல் அகற்றுங்கள். அடியில் அரை அடிக்கு 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 2 அங்குலம் பருமணல், அதற்குமேல் 16 அங்குலம் மண் கலவை: பருமணல் 3 பங்கு, தோட்ட மண் 1, மக்கிய உரம் 1. கலவை மட்டும் சுமார் 2 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) பிடிக்கும். மாவு போன்ற பொடி கலந்த எம்-சாண்ட் (பாறையை அரைத்துச் செய்யும் மணல்) வேண்டாம். அது இடுக்குகளை அடைத்துவிடும். மேலே அரை அடிப் பள்ளத்தை அப்படியே விடுங்கள்.

அந்தப் பள்ளம் சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 930 லிட்டர் வரும். ஆக, 2 செ.மீ. மழை வரை தாங்கும். கார்த்திகை அடைமழைக்கு இது போதாது. அதனால் பள்ளத்தின் விளிம்பு மட்டத்தில் 4 அங்குல பி.வி.சி. குழாய் வைத்து மழைநீர் வடிகாலுக்கு விடுங்கள். கழிவுநீர்க் குழாயில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். அடைமழையில் சாக்கடை எதிர்த்து வரும்.

பள்ளத்தில் வெட்டிவேர், கல்வாழை, கரையில் நந்தியாவட்டை. ஆடி, ஆவணியிலேயே நட்டால்தான் மழைக்கு முன் வேர் பிடிக்கும்.

கொசு முட்டை பொரிந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒரு நாளில் வடிகிற தண்ணீரில் அது வளராது. வாஷிங் மெஷின் தண்ணீர் தினமும் வந்து சேர்ந்தால் நிச்சயம் வளரும்; அதைத் திருப்பிவிடுங்கள். புரட்டாசிதோறும் மேலே படிந்த வண்டலைச் சுரண்டி எடுங்கள்.