பியானோவின் சுருதிப் பின் தளர்ந்தால்: வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வேலூர் சுற்றுவட்டாரத்தில் சர்ச்சுகளிலும் பழைய வீடுகளிலும் பியானோ பழுது பார்க்கிறேன். பின் என்றால் கம்பியின் நுனியைச் சுற்றியிருக்கும் இரும்பு முளை. மரப் பலகையின் துளையில் இறுக்கமாக நிற்கும், அதைத் திருகித்தான் சுருதி சேர்ப்போம். அது தளர்வதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

காட்பாடி: அண்ணா, சுருதி சேர்த்துப் பத்தே நாளில் இறங்கிவிடுகிறது. பின் தளர்ந்துவிட்டதா?

எல்லாக் கட்டையும் ஒரே அளவில் இறங்கினால் அது வெயில், மழையின் வேலை. ஒரே கட்டையின் மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் பிசிறினால் பின்னைச் சந்தேகப்படலாம் தம்பி.

ராணிப்பேட்டை: இரும்புப் பின் எப்படித் தளரும்?

பின் தேய்வதில்லை, அதன் துளைதான் பெரிதாகிறது. ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து 16 டன்னுக்கு மேல் இழுக்கின்றன. ஒவ்வொரு பின்னையும் சுழலாமல் பிடித்திருப்பது மரத்தின் இறுக்கம் ஒன்றுதான். ஐப்பசி மழையில் மரம் ஊதி, இரும்பில் நசுங்குகிறது. கத்திரி வெயிலில் சுருங்கும்போது நசுங்கிய நார் பழையபடி எழுவதில்லை. நம் ஊர் வெயிலுக்கு இது வருடா வருடம் நடக்கும்.

ஆரணி: சூப்பர் குளூ விடச் சொல்கிறார்கள். விடலாமா ஐயா?

தாராளமாக விடலாம் அம்மா. தண்ணீர் போல ஓடும் வகையாக இருக்க வேண்டும், கெட்டியானது உள்ளே போகாது. நிமிர்ந்து நிற்கும் பியானோ என்றால் முதுகுப் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். இருநூறு கிலோ எடை, நாலு பேர் இல்லாமல் தொடாதீர்கள். பின்னின் அடியில் ஒரு துளி விட்டால் சுற்றிலும் வளையமாக நின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கும். இன்னொரு துளி. இறங்குவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். கம்பிச் சுருளில் படக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண் எரியும். சிந்தியதைப் பஞ்சால், பருத்தித் துணியால் துடைக்கவே கூடாது. இந்தப் பசை பருத்தியில் பட்டால் கை சுடும் அளவு சூடாகிப் புகையும். ஒரு நாள் காய்ந்த அப்புறம் சுருதி சேருங்கள்.

குடியாத்தம்: உப்புத்தாள் சுற்றலாமா?

இரண்டு மூன்று பின்னுக்குச் சரி. கம்பியைத் தளர்த்திப் பின்னைக் கழற்றி, துளைக்குள் ஒரு சுற்று, சொரசொரப்பு மரத்தைப் பார்த்திருக்க வைத்து, திரும்ப அடித்து இறக்குங்கள். ஒரு அளவு தடித்த பின் கிடைத்தால் அதுவே மேல். கிடையாகக் கம்பி ஓடும் கிராண்ட் பியானோவில், பின்கள் நிற்கும் பலகைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியல் போடாதீர்கள், பலகை பிளந்துவிடும்.

ஆம்பூர்: அந்தக் காலத்தில் கிளிசரின் தடவுவார்களாமே?

தடவினார்கள். மரம் ஊதிக் கொஞ்ச நாள் இறுகும். அப்புறம் பின் துருப்பிடிக்கும், மரத்தில் பசையும் ஒட்டாது. எனக்கு வந்த ஒரு பழைய பியானோவில் இதைக் கண்டு மனம் நொந்துபோனேன். பின்னால் வருபவர் நல்ல பழுது பார்க்க வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

வாலாஜாபேட்டை: பலகையே விரிந்துவிட்டது.

அதற்குப் பசை பயன்படாது. புதுப் பலகை மாற்றும்வரை எல்லாக் கம்பியையும் அரை சுரம் கீழே சேர்த்து வையுங்கள், இழுவை குறையும். பாடகர் குழுவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.