அடுப்படிக் கேள்வி பதில்: கறி ஏன் ரப்பர் ஆகிறது?

கேள்வி: அக்கா, மாட்டிறைச்சி நூடுல்ஸ் மூன்று தடவை செய்துவிட்டேன். மூன்று தடவையும் கறி ரப்பர்தான். வேகவில்லையோ என்று இன்னும் பத்து நிமிடம் விட்டால் இன்னும் மோசம். வீட்டில் நூடுல்ஸை மட்டும் சாப்பிட்டுவிட்டு, கறியைத் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: அந்தப் பத்து நிமிடத்தில்தான். கறியின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அதன் இழைகள் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரை ஈரத்துணியைப் பிழிவதுபோல் வெளியே தள்ளிவிடும். அதற்கப்புறம் அது மறுபடி மெத்தென்று ஆக வேண்டுமானால், இழைகளைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக வேண்டும். அதற்கு ஈரத்தோடு, மிதமான சூட்டில், மணிக்கணக்கில் வேக வேண்டும். ஆக, கறியை இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள், இல்லையென்றால் இரண்டு மணி நேரம் விடுங்கள். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

நூடுல்ஸுக்கு இரண்டு நிமிடக் கணக்குதான். அதனால் கறி மெத்தென்று வருவதும் வராததும் பெரும்பாலும் அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. கழுத்து, கால் பகுதிக் கறி வேண்டாம், அதெல்லாம் குழம்புக்கு. டெண்டர்லாயின் (முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் இருக்கும் மெத்தென்ற கறி) இருந்தால் யோசிக்கவே வேண்டாம். விலை இடித்தால் சர்லாயினோ (இடுப்புப் பக்கக் கறி) கொழுப்பில்லாத பின்தொடைக் கறியோ போதும். கையில் நல்ல கத்தி இருந்தால் தொடைக்கறியே எனக்குப் போதும்.

வெட்டும் முன் கறியை அரை மணி, முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக வேண்டாம், விறைத்தால் போதும். பிறகு வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள், இழைகள் ஒரு பக்கமாகக் கோடு கோடாக ஓடும். அந்தக் கோட்டோடு சேர்த்து வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நீள நீளமாக நார் இருக்கும், அதைக் கடித்து அறுக்கும் வேலை பல்லுக்கு. கோட்டுக்குக் குறுக்கே, 3 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டினால் நாரைக் கத்தியே துண்டாக்கிவிடும். தொடைக்கறியில் பாதி வழியில் இழை திசை மாறும். அங்கே கறியைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். நான் பல வருடம் திருப்பாமலே வெட்டிவிட்டுக் கறிக்கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன்.

அடுத்தது சமையல் சோடா. அரைக் கிலோ கறிக்கு அரை டீஸ்பூன், அதை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பிசறி இருபது நிமிடம் வையுங்கள். கறியின் மேற்பரப்பு காரத்தன்மைக்கு (உறைப்பு இல்லை, புளிப்புக்கு எதிரான தன்மை) மாறுவதால் புரதங்கள் சூட்டில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளாது, நீரும் உள்ளேயே தங்கும். கையை அடக்கிப் போடுங்கள். ஒருமுறை விருந்தாளிகள் வருகிறார்களே என்று நான் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டேன். கறி பஞ்சு மாதிரி வந்தது, ருசி சோப்பு மாதிரி இருந்தது. இருபது நிமிடம் ஆனதும் நன்றாக அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசறுங்கள். சோள மாவு கறியைச் சுற்றி மெல்லிய போர்வையாக நிற்கும், சாஸும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இனி அடுப்பு. வாணலி காய்ந்து, எண்ணெய் லேசாகப் புகையும்போது கறியைப் போடுங்கள். அரைக் கிலோவையும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். வாணலி சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு, வதங்க வேண்டியது அவிய ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று பங்காகப் பிரித்துப் பரப்புங்கள், அரை நிமிடம் தொடாதீர்கள், அப்புறம் புரட்டுங்கள். சிவப்பு மறைந்ததும் தட்டில் எடுத்துவிடுங்கள். அதே வாணலியில் பூண்டு, இஞ்சி, வெங்காயம், குடைமிளகாய், பிறகு நூடுல்ஸ், சாஸ். கறி கடைசியில், ஒரு புரட்டு புரட்ட மட்டும்.

கேள்வி: கறியைக் குக்கரில் வேகவைத்துவிட்டு நூடுல்ஸில் சேர்த்தால் என்ன?

பதில்: சேர்க்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு பண்டம். மெல்லிய துண்டுகளைக் குக்கரில் போட்டால் நார் நாராகப் பிரிந்துவிடும், பெரிய துண்டாக வேகவைத்து அப்புறம் நறுக்குங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சாஸில் ஊற்ற அதைவிட நல்லது இல்லை.

கேள்வி: பப்பாளிக்காய் அரைத்துப் பூசினால் சோடா வேண்டாம் என்கிறார்களே?

பதில்: காயின் பாலில் இருக்கும் பப்பைன் புரதத்தையே உடைக்கும். அதனால் பலன் உண்டு. சிக்கல் என்னவென்றால், மெல்லிய துண்டில் அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று நமக்குத் தெரியாது. ராத்திரி பூசி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் மேலெல்லாம் கூழாக இருக்கும். முழுத் துண்டாகச் சுடுவதற்கு அது சரி, இதற்குச் சோடாதான் என் கட்சி.

கேள்வி: என் நூடுல்ஸ் வாணலியில் கட்டியாகிவிடுகிறது. கறியெல்லாம் ஒரு பக்கம், நூடுல்ஸ் உருண்டை ஒரு பக்கம்.

பதில்: பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசினால் மேலிருக்கும் மாவுப்பசை போகும். நன்றாக வடியவிட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறுங்கள். நேரம் இருந்தால் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள், ஈர நூடுல்ஸ்தான் வாணலியில் ஒட்டும். கிளற கரண்டி வேண்டாம், இரண்டு குச்சியோ இடுக்கியோ எடுத்துத் தூக்கித் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது நான்ஸ்டிக் வாணலி மட்டும். அடுப்பும் சின்னது. செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் நான்ஸ்டிக்கை வெறுமனே வைத்துப் புகையும் வரை காய்ச்சாதீர்கள், பூச்சு கெட்டுவிடும். எண்ணெய் விட்டு, கறி விழுந்ததும் சுர்ரென்று சத்தம் வரும் அளவு காய்ந்தால் போதும். சின்ன அடுப்பு என்பதால் கறியை நூறு நூறு கிராமாகப் போடுங்கள். சத்தம் அடங்கினால் அடுத்த பங்குக்கு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.