வீட்டிலேயே வேப் லிக்விட் (மின் சிகரெட்டில் ஊற்றும் திரவம்) கலக்க விரும்பும் புதியவருக்கு என்ன சொல்வீர்கள்?

கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார், சிகரெட்டை விடப் பார்க்கிறார், கடை விலை கட்டுப்படியாகவில்லை என்று நானாக வைத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து கேட்டிருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். சிகரெட்டே பிடிக்காதவர் என்றால் மாம்பழ வாசனைக்காக இதில் இறங்கவே வேண்டாம்.

"விஷத்துக்குச் சமையல் குறிப்பா?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஐயா, நான் டாக்டர் இல்லை. சிகரெட்டைவிடக் கேடு குறைவு, ஆனால் கேடே இல்லை என்று சொல்ல முடியாது; இங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் சொல்வதும் அதுதான். காலேஜில் தொற்றிய சிகரெட், பிள்ளை பிறந்தும் போகாதது, எனக்கு இதனால்தான் போனது.

கலக்குவது பள்ளிக்கூடக் கணக்குதான். நிகோடின் கலந்த திரவத்தை இங்கே 10 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக்கூடாது. மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நிகோடின் இல்லாததற்கு அந்த விதி கிடையாது. அதனால் இரண்டையும் தனித்தனியாக வாங்கி நாம் சேர்க்கிறோம். மில்லிக்கு 18 மில்லிகிராம் உள்ள 10 மில்லி நிக் ஷாட் (நிகோடின் திரவச் சிறு பாட்டில்) ஒன்றில் மொத்தம் 180 மில்லிகிராம் நிகோடின். 60 மில்லியாக்கினால் மில்லிக்கு 3, 30 மில்லியோடு நிறுத்தினால் 6. என்னுடைய 60 மில்லி கலவை: ஷாட் 10, ஃபிளேவர் 6, மீதி 44 விஜியும் பிஜியும் (வெஜிடபிள் கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் என்ற அடிப்படைத் திரவங்கள்). சில ஃபிளேவருக்கு இந்தப் பத்து சதவீதமே அதிகம். விற்பவர் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள்.

விஜி சிரிஞ்சில் ஏறாமல் உயிரை வாங்கும், அதனால் 0.01 கிராம் காட்டும் தராசு வாங்கிவிடுங்கள். விஜி மில்லிக்கு 1.26 கிராம், பிஜி 1.04. இது தெரியாமல் கிராமும் மில்லியும் ஒன்றென்று ஊற்றினால் விகிதம் போச்சு. கையுறை கட்டாயம், நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும். குழந்தை இருக்கும் வீடென்றால் பூட்டு போட்ட அலமாரி. எவ்வளவு நிகோடின் இருக்கிறதென்றே தெரியாத பாட்டிலை, மலிவு என்பதற்காக இணையத்தில் வாங்காதீர்கள்.

இவ்வளவையும் எழுத வைத்தது எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த மாணவன். திருநெல்வேலிப் பையன், நல்ல பிள்ளை. நான் கலக்குவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கிராம்புத் தைலம் ரெண்டு சொட்டு விட்டா சும்மா கும்முனு இருக்கும்லாண்ணே?" என்றான். எண்ணெய் எதுவும் இதில் ஆகாதுடா என்றேன். "பல்லுக்கு வைக்கோம், சோத்துல போடுதோம், இதுல மட்டும் என்னண்ணே?"

அங்கேதான் புதியவர்கள் எல்லாரும் சறுக்குகிறார்கள். வயிறு செரித்துவிடும் எண்ணெயை நுரையீரல் என்ன செய்யும்? 2019-ல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், மறு பிப்ரவரிக் கணக்கில் 2,807 பேர், இறந்தவர்கள் 68. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவம், அதில் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய். வைட்டமின் ஈ தின்பதற்கு நல்லதுதானே! வெண்ணெய் மணத்துக்குப் போடும் டையசிட்டைலும் அப்படித்தான். சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மிசூரியில் பாப்கார்ன் ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு நுரையீரல் பாழானது. ஆகவே கஸ்டர்டு, பட்டர் வகை வாங்கும்போது அது இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சமையலறை எசென்ஸ், தைலம், அத்தர் எதுவும் வேண்டாம். பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டான், ஆனால் தைலத்தைத் தொடவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் ஆறாது. நம்மவர் கல்யாண வரவேற்பில் கார் டிக்கியைத் திறந்து வைத்து மாமாக்கள் விஸ்கி ஊற்றுவார்கள். அது கௌரவம். நான் ஒதுங்கி இரண்டு இழுப்பு இழுத்தால், "மாப்பிள்ளை அந்தப் புகை மிஷினை இன்னும் விடலையா?" என்று மேடை வரை கேட்கும். சிகரெட் பிடித்த காலத்தில் என்னிடமே ஓசி வாங்கியவர்தான் கேட்கிறார். மனைவியும் அவர் பக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவையே பெரிய பாட்டில் வேண்டாம். நிகோடின் இல்லாமல் கொஞ்சமாக ஃபிளேவரை மட்டும் கலந்து பார்த்து, பிடித்தால் ஷாட் வாங்குங்கள். பழ வகை மறுநாளே இழுக்கலாம், கஸ்டர்டு ஓரிரு வாரம் ஊற வேண்டும். இனிப்பு அதிகம் சேர்த்தால் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிப் போகும். காசு மிச்சமாகுமா என்றால், 2026 அக்டோபர் 1 முதல் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி. பழைய விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.