ஹேமர், ஃபேன், ரோட்டவேட்டர்: ஹார்ட்ஃபேசிங் (தேயாமலிருக்க வெல்டிங்கில் போடும் கடினப் பூச்சு) கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கல் உடைக்கிற கிரஷரின் ஹேமருக்கு, கடினம் 60 ராக்வெல் வருகிற குரோமியம் கார்பைடு வெல்டிங் ராடு போட்டோம். ஓட்டுவது கருங்கல். நாலே நாளில் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்துவிட்டது. ராடு போலியா?

பதில்: ராடு மேல் பழி போடாதீர்கள், அது தன் வேலைக்கு நல்ல ராடுதான். அந்தப் பூச்சுக்குள் இருக்கிற கார்பைடு, அதாவது குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள், விக்கர்ஸ் என்கிற கடின அளவில் 1500 வரை வரும். கல்லில் இருக்கிற குவார்ட்ஸ் 1000, 1200 சுமார். இரண்டும் உரசினால் குவார்ட்ஸ்தான் தோற்கும். உங்கள் ஹேமரில் நடப்பது உரசல் இல்லையே, இடி! கார்பைடு கண்ணாடி ஜாதி. அடி விழுந்தால் நுண்விரிசல் விட்டு, துண்டு துண்டாக உதிரும்.

ஹேமர் மாங்கனீஸ் ஸ்டீலா என்று முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான். 1882இல் ஹேட்ஃபீல்டு கண்டுபிடித்த உலோகம், மாங்கனீஸ் சுமார் 12 சதவீதம். புதிதாக இருக்கும்போது, பிரினெல் என்கிற இன்னொரு கடின அளவில் 200தான். அடி வாங்க வாங்க மேல்தோல் மட்டும் 500க்குப் போகும். அடிதான் அதற்குச் சாப்பாடு. அதனால் தேய்ந்ததை மாங்கனீஸ் ராடாலேயே நிரப்புங்கள். மேலே ஏதாவது வேண்டும் என்றால் டைட்டானியம் கார்பைடு வகை, இரண்டு அடுக்கு, அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: வெல்டிங்குக்கு முன்னால் ஹேமரைச் சூடாக்க வேண்டுமா?

பதில்: மாங்கனீஸ் என்றால் வேண்டவே வேண்டாம். 260 டிகிரியைத் தாண்டி ஊறவிட்டால் உள்ளே கார்பைடு படிந்து நொறுங்குகிற உலோகமாகிவிடும். சின்னச் சின்ன வெல்டிங் தையலாக, இடம் மாற்றி மாற்றி இழுங்கள். அனுபவம் இல்லாத நாளில் ஒரு மாங்கனீஸ் ஜா பிளேட்டை (கிரஷரில் கல்லை நெரிக்கும் தாடைத் தகடு) ஒரே மூச்சில் பற்றவைத்தேன். மறு வாரமே இரண்டாகப் பிளந்தது. அந்தக் காசு என் கையிலிருந்துதான் போனது.

கேள்வி: ஹார்ட்ஃபேசிங் முடிந்ததும் குறுக்கே மெல்லிய விரிசல் தெரிகிறது. திருப்பி அனுப்பலாமா?

பதில்: குரோமியம் கார்பைடில் அது சகஜம், ஆறும்போது இறுக்கம் விடுகிற வழி. தையலோடு நீளவாக்கில் ஓடினாலோ, பூச்சு அடி உலோகத்தை விட்டுத் தூக்கினாலோ மட்டும் கவலைப்படுங்கள்.

கேள்வி: அரிசி ஆலையில் உமி பாய்லர். புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேன் இறக்கை சாம்பலில் ஓட்டை விழுகிறது சார்.

பதில்: உமிச் சாம்பலில் முக்கால்வாசிக்கு மேல் சிலிக்கா. அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். ஆனால் துகள் எந்தக் கோணத்தில் படுகிறது என்று பாருங்கள். சாய்வாக, 15 முதல் 30 டிகிரியில் வழுக்கிப் போகிற இடத்தில் சாதா இரும்பு அதிகம் தேயும். அங்கே கார்பைடு பூச்சு ஜெயிக்கும். நேராக மோதுகிற இடத்தில் நிலைமை தலைகீழ். இறக்கை முழுக்கப் பூசிப் பணம் வீணாக்காமல், ஓட்டை விழுந்த ஓரத்துக்கு மட்டும் போடுங்கள். எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.

கேள்வி: மணல் சறுக்குத் தகட்டுக்கு துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போதுமா?

பதில்: துத்தநாகம் துருவைத் தடுக்கத்தான். மேல் அடுக்கு இரும்பைவிட மெத்து. மணல் அதைச் சீக்கிரமே வழித்துவிடும்.

கேள்வி: மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் பிளேடுக்கு எந்தப் பக்கம் போடுவது?

பதில்: ஒரு பக்கம் மட்டும். போடாத பக்கம் முதலில் தேய்வதால் முனை தானாகவே கூராகிக்கொண்டே இருக்கும். கல் நிறைந்த செம்மண் காடு என்றால் மெல்லிசாகப் போடுங்கள், தடித்த பூச்சு தெறித்துவிடும்.